கோபுரம் உசரமா, நம்ம லயம் உசரமா?

நுவரெலியாப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை ஒருத்தி, நீர்வேலியில் வாழை செய்யும் அத்தான் வீட்டாரோடு கொழும்புத் தாமரைக் கோபுரம் பார்க்கப் போனாள். பேரை ஏரிக்கரையில் நிற்கும் இது 350 மீட்டருக்கு மேல் உயரம். 2022 செப்டெம்பர் 15 முதல் பொதுமக்கள் மேலே ஏறிப் பார்க்கலாம்.

லிஃப்டில் ஏறிப் பார்வைத் தளத்தில் நின்றதும் அத்தான், "இவ்வளவு உயரத்தில நான் ஒருநாளும் நிண்டதில்லை, தங்கச்சி" என்றார். நீர்வேலி சமதரை; அங்கே உசந்து நிற்பது பனைதான்.

"எங்க லயம் இதைவிட உசரத்துல இருக்குங்க அத்தான்" என்றாள் பிள்ளை. எல்லாரும் சிரித்தார்கள். அவள் முகம் வாடிப்போச்சு.

சிரித்தது சரியா? கோபுரத்தைத் தரையிலிருந்து அளக்கிறோம். மலையைக் கடல் மட்டத்திலிருந்து அளக்கிறோம். இரண்டையும் ஒரே இடத்திலிருந்து அளந்தால்தான் கணக்குச் சரி. கொழும்பு கடலோரம். ஆகவே கோபுர நுனியும் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டரைத் தாண்டாது. நுவரெலியா நகரமோ சுமார் 1,870 மீட்டர். ஐந்து கோபுரத்தை அடுக்கினாலும் எட்டாது!

பிள்ளை சொன்னதே சரி. உங்கள் ஊர் உயரம் தெரியுமா? மலைநாட்டு ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும். பிள்ளைகளைக் கூட்டிப்போய் வாசிக்கச் சொல்லுங்க.