கூதிர்காலப் பறவை நடை: வரப்பில் படித்த பாடம்

முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் இருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் பயிர்க்கடன் பிரிவு. ஏக்கருக்கு இவ்வளவு விதை, இவ்வளவு உரம், இவ்வளவு பூச்சிமருந்து என்று கணக்குப் போட்டுத்தான் கடன் கொடுப்போம். பூச்சிமருந்துக்கு ஒரு தொகை இல்லாமல் ஒரு விண்ணப்பமும் என் மேசையைத் தாண்டியதில்லை. பூச்சியைத் தின்ன ஒரு பட்டாளமே வயலில் சம்பளம் இல்லாமல் வேலை பார்க்கிறது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஓய்வு பெற்று மேலூர்ப் பக்கம் பூர்வீக நிலம் மூன்று ஏக்கரில் இறங்கிய பிறகு இந்தப் பாடத்தைக் கொஞ்சம் விலை கொடுத்தே படித்தேன். எங்கள் ஊரில் நாலு வருஷமாக ஐப்பசி, கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாகப் பறவை பார்க்க நடக்கிறோம். உங்கள் ஊரிலும் இதைத் தொடங்கலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஏன் இந்தப் பருவம்?

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். வடகிழக்குப் பருவமழை இறங்கி, கண்மாயில் தண்ணீர் ஏறி, சம்பா நெல் தூர் கட்டும் நேரம். வடக்கே குளிர் தொடங்குவதால் வலசைப் பறவைகள் இங்கே வருவதும் இப்போதுதான். வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு சேற்றில் ஓடும் வாலாட்டிக் குருவி, மின்கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான், முள்மரத்து உச்சியில் தனியாக உட்கார்ந்து கத்தும் பழுப்புக் கீச்சான், தண்ணீரோரம் பொறுக்கும் உள்ளான் எல்லாம் இமயத்திலிருந்தும் அதற்கு வடக்கே உள்ள நாடுகளிலிருந்தும் வருபவை. பயிரில் பூச்சி பெருகும் மாதங்களில் கூடுதல் ஆள் வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பறவை பார்ப்பது பட்டணத்துக்காரர் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைக் காத்தவர்கள் விவசாயிகள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் முறையிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கே கவுல் எழுதிக் கொடுத்தார். எங்களுக்குப் பக்கத்தில் வேட்டங்குடி சரணாலயம் இருக்கிறது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை.

எப்படித் தொடங்குவது?

முதல் நாள் நாங்கள் ஐந்து பேர். இப்போது பன்னிரண்டு. அதற்கு மேல் போனால் சத்தம் கூடிவிடும். இரண்டு குழுவாகப் பிரிந்துகொள்ளுங்கள். காலை 6 மணிக்குக் கிளம்பி 8.30க்குள் முடிப்பது நல்லது. வெயில் ஏறினால் பறவையும் அடங்கிவிடும், நமக்கும் வேலை வந்துவிடும்.

பைனாகுலர் குழுவுக்கு ஒன்று போதும். 8க்கு 42 என்ற அளவு கைக்கு அடக்கமானது. செல்பேசியில் மெர்லின் என்ற இலவசச் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். ஆனால் அதற்கு முன்னால் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். எங்கள் குழுவில் ஆசிரியர் என்றால் கண்மாய் நீர்பாய்ச்சிதான். எழுபது வயசு. "சார், நீங்க புஸ்தகத்துல தேடுங்க. நான் அது என்ன தின்னுதுன்னு சொல்றேன்" என்பார். நமக்கு வேண்டியதும் அதுதான்.

பாதையை இப்படி அமைத்துக்கொண்டோம்: கண்மாய்க் கரை, கலுங்கு, மடை, அங்கிருந்து பத்துப் பதினைந்து பேருடைய வயல் வரப்பு, கடைசியில் ஊருக்கு மேற்கே உள்ள கரடு. ஒருவர் வயலில் மட்டும் நின்றுவிடக் கூடாது. அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு நோட்டில் ஆறு கட்டம் போடுங்கள். தேதி, நேரம், இடம், பறவை, எண்ணிக்கை, என்ன செய்தது. கடைசிக் கட்டம்தான் உழவனுக்கு முக்கியம். கூட்டமாகப் பறந்தால் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்து, மொத்தத்தைக் கணக்கிடலாம்.

வயலில் யார் என்ன வேலை செய்கிறார்கள்?

வரப்பில் வரிசையாக நடக்கும்போது நெல்லிலிருந்து சின்ன மஞ்சள் அந்துப்பூச்சிகள் எழும்பும். இலைச்சுருட்டுப் புழுவின் தாய்ப்பூச்சி அது. எழும்பிய உடனே கரிச்சான் பாய்ந்து பிடிப்பதைப் பார்க்கலாம். இரட்டைவால் குருவி என்று நாம் சொல்வதும் இதைத்தான். தகைவிலான் பறந்தபடியே பறக்கும் பூச்சியைப் பிடிக்கும். வாலாட்டி சேற்றிலும் தூரடியிலும் பொறுக்கும். மாட்டுக் கொக்கு ஏர் பின்னாலும் மாட்டின் பின்னாலும் வந்து வெட்டுக்கிளியையும் புழுவையும் எடுக்கும். பனங்காடை மேட்டுக் காட்டில் வண்டையும் வெட்டுக்கிளியையும் பிடிக்கும். நத்தைகுத்தி நாரைக்கு வேலை அதன் பெயரிலேயே இருக்கிறது.

கரிச்சானுக்கு உட்கார இடம் வேண்டும். வயல் நடுவே மரம் கிடையாது. ஆகவே 'ட' தலைகீழாக இல்லாமல் சிலுவைபோலக் குறுக்குக் குச்சி கட்டிய பறவைத் தாங்கிகளை ஏக்கருக்கு 15 முதல் 20 வரை நடுங்கள். பயிருக்கு மேலே ஒரு அடி, ஒன்றரை அடி தெரிந்தால் போதும். கதிர் பால் பிடிக்கும்போது பிடுங்கிவிட வேண்டும். இல்லையென்றால் நெல் தின்னும் குருவிக்கும் அதே நாற்காலியாகிவிடும்.

பற்றையும் எழுத வேண்டும்

வரவை மட்டும் எழுதினால் அது கணக்கு இல்லை. சில்லையும் தூக்கணாங்குருவியும் கதிரைத் தின்னும். சோளம் போட்டவர்களுக்குச் சூறைக்குருவிக் கூட்டத்தைத் தெரியும். மயில் பண்ணுகிற சேதம் சொல்ல வேண்டியதில்லை. கொக்கு தவளையையும் தின்னும். பஞ்சுருட்டான் தேனீயையும் தட்டானையும் பிடிக்கும். இதையெல்லாம் மறைத்துப் பேசினால் பக்கத்து வயல்காரர் நம்மை நம்ப மாட்டார். ஆனால் தூக்கணாங்குருவி குஞ்சுக்குப் பூச்சியையும் ஊட்டுகிறது. சூறைக்குருவி சோளம் முற்றும்வரை வெட்டுக்கிளியை வேட்டையாடுகிறது. எந்தப் பறவை, எந்த வாரம், எந்த வயலில் என்று நோட்டில் இருந்தால், காவல் எப்போது தேவை, எப்போது தேவையில்லை என்பது தெரியும். வலை வைத்துப் பிடிப்பதும் விஷம் வைப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

என் வயலில் நடந்தது

இனி அந்த விலை கொடுத்த பாடம். நான் விவசாயத்துக்கு வந்த இரண்டாம் வருஷம், நடை தொடங்கிய முதல் வருஷம். என் மோட்டார் ரூம் பரணில் ஒரு ஜோடி கூகை குடியிருந்தது. வெள்ளை முகம், இருதய வடிவம். ஊரில் சாவுக்குருவி என்பார்கள். "வீட்டுக்கு ஆகாது, விரட்டிவிடுங்க" என்று என் மனைவி சொன்னாள். எனக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் மரியாதையும் இல்லை.

ஐப்பசி நடையில் நீர்பாய்ச்சி அந்தச் சுவரடியில் கிடந்த கருப்பு உருண்டை ஒன்றை எடுத்து உடைத்துக் காட்டினார். உள்ளே மயிரும் எலும்பும். ஒரு முழு எலி மண்டை. கூகை எலியை அப்படியே விழுங்கிவிட்டுச் செரிக்காததை உருண்டையாகக் கக்கும். சுவரடியில் அன்று எண்ணினோம், இருபத்து மூன்று உருண்டை. "இது உங்க சம்பளமில்லாத காவக்காரன் சார்" என்றார்.

கேட்டுக்கொண்டேன், மனசில் ஏறவில்லை. கார்த்திகையில் எலி தூரை வெட்ட ஆரம்பித்தது. ஒரு மூலையில் நாலு குழி பரப்பு சாய்ந்துவிட்டது. பதறிப்போய்க் கடையில் எலி மருந்துக் கட்டி வாங்கி வளைகளில் வைத்தேன். இயற்கை விவசாயி என்று சொல்லிக்கொண்டே வைத்தேன். பயிரில் தெளிக்கவில்லையே, மண்ணில் கொட்டவில்லையே என்று எனக்கு நானே சமாதானம்.

அடுத்த ஞாயிறு நடையில் மோட்டார் ரூம் பின்னால் ஒரு கூகை செத்துக் கிடந்தது. காயம் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கழித்து வைக்கோல் போர் ஓரத்தில் மற்றது. முதல் கூகையைப் பார்த்தபோதே, அத்தனை பேர் முன்னால், பக்கத்து வயல்காரரைப் பார்த்து, "நீங்க வைக்கிற மருந்துதான் இதைக் கொன்னுடுச்சு" என்று சொல்லிவிட்டேன். அவர் ரசாயன விவசாயம் செய்பவர். வேறு யாராக இருக்க முடியும்?

அவர் கோபப்படவில்லை. "மேனேஜர் சார், இந்த வருஷம் நான் எலிக்கு ஒண்ணுமே வைக்கல. கூலிக்கு ஆள் விட்டு வளை வெட்டினேன்" என்றார்.

அன்று இரவு தூக்கம் இல்லை. இப்போது விற்கும் பல எலி மருந்துகள் உடனே கொல்வதில்லை. ரத்தம் உறையாமல் செய்து நாலைந்து நாளில் கொல்லும். அதுவரை எலி தள்ளாடிக்கொண்டு வெளியே திரியும். கூகைக்கு அதைவிட சுலபமான இரை ஏது? எலியின் ஈரலில் இருக்கும் நஞ்சு அப்படியே கூகைக்குப் போகும். செத்த கூகையைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. ஆனால் விசாரித்ததில், அந்த வாரம் சுற்று வட்டாரத்தில் மருந்து வைத்தவன் நான் ஒருவன்தான். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசியால் பாறுக் கழுகுகள் அழிந்ததும், 2006ல் அரசு அதைக் கால்நடைக்குத் தடை செய்ததும் நான் செய்தியில் படித்து வருத்தப்பட்டவன். அதே தப்பை என் வரப்பில் செய்தேன்.

அடுத்த ஞாயிறு எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், கூகை என்ன உங்களுதா என்னுதா? ரெண்டு பேரு எலியையும்தான தின்னுச்சு" என்றார். அடுத்த சம்பாவில் எனக்கு ஏழெட்டு மூட்டை எலிக்குப் போனது. அவருக்கும் சேதம்.

கரட்டிலிருந்து பார்த்தால்

நடையைக் கரட்டில் முடிப்பதற்குக் காரணம் இதுதான். அரை மணி ஏற்றம். மேலே நின்றால் பூனைப்பருந்து சிறகை அசைக்காமல் தாழப் பறந்து நாற்பது ஐம்பது வயலை ஒரே வீச்சில் தேடுவது தெரியும். பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை இருக்கிறது. அது இரவில் இறங்கி நம் வயல் எலியைத்தான் பிடிக்கிறது. எங்கள் வட்டாரத்து அரிட்டாபட்டியை 2022ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அங்கேயும் குன்றும் கண்மாயும் வயலும் சேர்ந்தே இருக்கின்றன. மேலேயிருந்து பார்க்கும்போது என் வரப்பு எது, அவர் வரப்பு எது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பறவைக்கு அந்தக் கணக்கே கிடையாது. ஒருவர் வயல் மட்டும் இயற்கை விவசாயம் செய்து கூகையைக் காப்பாற்ற முடியாது. நாலு பேர் சேர்ந்து நடந்தால்தான் நாலு பேர் சேர்ந்து பேச முடியும்.

அங்கே உட்கார்ந்து பேசித்தான் பதினோரு பேர் எலி மருந்து வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். அதற்குப் பதிலாக என்ன செய்கிறோம் என்றால்:

வரப்பை அகலமாக விடாமல் செதுக்கி ஒடுக்குகிறோம். அகல வரப்பில்தான் எலி வளை போடும். நடவு முடிந்த உடனே எல்லோரும் ஒரே வாரத்தில் வளை வெட்டுகிறோம். தனித்தனியாக வெட்டினால் எலி அடுத்த வயலுக்கு வீடு மாறும், அவ்வளவுதான். தஞ்சாவூர்க் கிட்டி வைக்கிறோம். ஆந்தை உட்காரக் கொஞ்சம் உயரமான தாங்கிகளை வரப்போரம் நட்டிருக்கிறோம். பழைய பனை, பொந்து உள்ள மரம் எதையும் வெட்டுவதற்கு முன் குழுவில் சொல்ல வேண்டும்.

நடையில் செய்யக்கூடாதவையும் உண்டு. கூட்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது. செல்பேசியில் குரலைப் போட்டுப் பறவையை அழைக்கக் கூடாது. அடுத்தவர் வயலில் கேட்காமல் இறங்கக் கூடாது. பயிரை மிதித்தால் அடுத்த ஞாயிறு நடை கிடையாது.

பன்னிரண்டாவது ஆள் இன்னும் மருந்து வைக்கிறார். ஆனால் வைக்கும் முன் சொல்கிறார். செத்த எலியைப் பொறுக்கி ஆழமாகப் புதைக்க நாங்களும் போகிறோம். அவரும் நடைக்கு வருகிறார். வரட்டும்.

மோட்டார் ரூம் பரணில் ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறேன். ஜோடி இன்னும் வரவில்லை. போன புரட்டாசிக் கடைசியில் ஒரு ராத்திரி கூகை கத்தும் சத்தம் கேட்டது. என் மனைவிதான் முதலில் எழுந்து, "என்னங்க, வந்திருக்கு போல" என்றாள். காலையில் போய்ச் சுவரடியைப் பார்த்தேன். ஒரே ஒரு உருண்டை. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.