டுரியானும் மழையும்

மலாக்கா மாநிலத்தில் மரங்களின் பெயரைத் தாங்கிய ஊர்கள் உண்டு. ஜாசின் மாவட்டத்திலுள்ள சுங்கை ரம்பாயின் பெயரில் ரம்பாய் என்னும் பழமரம் இருக்கிறது. டுரியான் துங்காலின் பெயரில் டுரியான் இருக்கிறது. பரமேஸ்வரா சாய்ந்திருந்ததாகக் கூறப்படும் மலாக்கா மரமோ நாம் நன்கறிந்த நெல்லி மரமே. பழமரங்களோடு இவ்வளவு நெருக்கமான இம்மண்ணில், பழத்தோட்டக்காரரின் விளைச்சலைப் பெரிதும் முடிவு செய்வது வானிலை. எவ்வளவு மழை பெய்கிறது என்பதைவிட எப்போது பெய்கிறது என்பதே அவருக்கு முக்கியம்.

ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோரும் மழையின் பாதிப்பை அறிந்தவர்களே. விடியற்காலையில் மழை பெய்து மரப்பட்டை நனைந்தால் அன்று பால்வெட்டு இல்லை. ஆயினும், மழை விட்டு மரம் காய்ந்ததும் வேலை தொடரும். டுரியான் பயிரிடுபவரின் நிலை வேறு. ஆண்டின் பெரும் விளைச்சல் சில வாரங்களுக்குள் வந்து முடிந்துவிடும். எனவே, தவறான நேரத்தில் பெய்யும் சில நாள் மழைகூட அவரது ஆண்டு வருமானத்தைக் குறைத்துவிடும்.

டுரியான் மரம் நன்கு பூப்பதற்குச் சிறிது காலம் வறண்ட வானிலை தேவை. ஓரிரு வாரங்கள் தொடர்ந்து மழை இல்லாதபோது கிளைகளில் மொட்டுகள் தோன்றத் தொடங்கும். ஓயாமல் மழை பெய்தால் மரம் பச்சைப் பசேலெனத் தழைத்து நிற்கும். பூக்களோ குறைவாகவே இருக்கும்.

டுரியான் பூக்கள் பிற்பகலில் விரியத் தொடங்கி, இரவில் மகரந்தத்தை வெளியிடுகின்றன. தேனை நாடி வரும் வௌவால்கள் மகரந்தச் சேர்க்கைக்குப் பெரிதும் உதவுகின்றன. விடிவதற்குள் இதழ்களும் மகரந்தத் தாள்களும் உதிர்ந்துவிடும். ஒரு பூவுக்குக் கிடைப்பது ஓர் இரவு மட்டுமே. அவ்விரவில் கனமழை பெய்தால் மகரந்தம் நீரில் அடித்துச் செல்லப்படும், பூக்களும் கொட்டிவிடும்.

பிஞ்சு பிடித்த பிறகு நிலைமை மாறுகிறது. இப்போது மரத்திற்குச் சீரான நீர் தேவை. கடும் வறட்சியால் பிஞ்சுகள் உதிரும். வறட்சிக்குப் பின் திடீரெனப் பெருமழை பெய்தாலும் ஆபத்தே. மரம் புதுத்தளிர் விடும். தளிருக்கும் பிஞ்சுக்கும் உணவுப் போட்டி ஏற்பட்டுப் பிஞ்சுகள் விழும். பழம் முற்றும் காலத்தில் மழை மிகுந்தால் சுளை நீர்த்து, சுவை குன்றும். நீர் தேங்கும் மண்ணில் பைட்டோப்தோரா என்னும் நோய்க்கிருமி பரவி, வேரையும் தண்டையும் அழுகச் செய்யும்.

பருவங்கள் ஓரளவு சீராக இருந்தவரை தோட்டக்காரர்கள் அனுபவத்தைக் கொண்டே திட்டமிட்டனர். காலநிலை மாற்றத்தால் அக்கணக்கு தவறத் தொடங்கியுள்ளது. 1997-98, 2015-16, 2023-24 ஆகிய ஆண்டுகளில் ஏற்பட்ட எல் நினோ நிகழ்வுகள் வெப்பத்தையும் வறட்சியையும் கொண்டு வந்தன. வறட்சி அளவு கடந்தால் பாய்ச்சவும் நீர் இருக்காது. 1991இல் டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் வற்றியதால் மலாக்கா மக்கள் கடும் தண்ணீர்த் தட்டுப்பாட்டைச் சந்தித்தனர்.

வானத்தைக் கட்டுப்படுத்த முடியாது. தோட்டத்தை ஆயத்தப்படுத்த முடியும். வடிகால் வெட்டினால் வேரடியில் நீர் தேங்காது. காய்ந்த இலைகளால் மண்ணை மூடினால் ஈரம் காக்கப்படும். சிறு குளம் வெட்டி மழைநீரைச் சேமித்தால் பிஞ்சுக் காலத்தில் கைகொடுக்கும். வௌவால்கள் குறைந்த இடங்களில் சிலர் இரவில் தூரிகையால் மகரந்தத்தைத் தடவுகின்றனர். டுரியானோடு ரம்புத்தான், மங்குஸ்தீன், டுக்கு போன்றவற்றையும் நட்டால், ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று ஓரளவு ஈடுசெய்யும்.

சாலையோரக் கடையில் டுரியானின் விலை உயர்ந்திருந்தால் நாம் வியாபாரியைக் குறை கூறுகிறோம். சில மாதங்களுக்கு முன்பு, பூ விரிந்த ஓர் இரவில் பெய்த மழையும் அந்த விலையில் அடங்கியிருக்கலாம்.