சோஹோவுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போ

அன்புள்ள மருமகனுக்கு,

போனில் நீ சொன்னது என்னோடு இருக்கும். அக்காவிடம் எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதெல்லாம் உன் இஷ்டம். லண்டன் சோஹோவில் எங்கே போகலாம் என்று கேட்டாயே, அதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் தடவையே சனிக்கிழமை ராத்திரி போகாதே. பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பெயரைக்கூடக் கேட்க முடியாது. செவ்வாயோ புதனோ, சாயங்காலம் ஆறு மணிக்கு ஓல்ட் காம்ப்டன் தெருவுக்குப் போ. அங்கே அட்மிரல் டங்கன் என்று ஒரு பப். தன்பாலீர்ப்புள்ள நம்மைப் போன்றவர்கள் கூடும் இடம் என்பதற்காகவே 1999 ஏப்ரல் 30 அன்று ஒருவன் அங்கே ஆணிக் குண்டு வைத்தான். மூன்று பேர் செத்துப்போனார்கள். அதே இடத்தில் பப் இன்றும் நடக்கிறது.

மேசையில் உட்கார்ந்து சர்வருக்குக் காத்திருக்காதே, கவுண்டருக்கு நீதான் போகவேண்டும். குடிக்கப் பிடிக்காவிட்டால் லைம் சோடா கேள். ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஒருவர் வாங்கிக் கொடுத்தால் அடுத்த ரவுண்டு உன்னுடையது. முன்பின் தெரியாதவர் என்றால் கூடவே போய், ஊற்றும்போதே கையில் வாங்கிக்கொள். யாராவது தொல்லை கொடுத்தால் பார் ஊழியரிடம் “ஏஞ்சலா இருக்கிறாரா?” என்று கேள். பல பப்களில் இது உதவி கேட்கும் சங்கேதம். போட்டோவில் விழ விருப்பமில்லையென்றால் முதலிலேயே சொல்லிவிடு, இன்ஸ்டாகிராமுக்கு நீ இருக்கும் டூட்டிங்கும் நம்மூர் திருச்சியும் ஒன்றுதான்.

வெறும் வயிற்றோடு குடிக்காதே. ஐந்து நிமிட நடையில் ஜெரார்ட் தெரு, சீனச் சாப்பாட்டுக் கடைகள். முன்பெல்லாம் ஃபர்ஸ்ட் அவுட் என்று ஒரு சைவக் கஃபே இருந்தது, 1986-இல் திறந்தது. பட்டப்பகலில் காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசலாம். 2011-இல் மூடிவிட்டார்கள். 2006-இல் லண்டனில் 125 ஆக இருந்த நம் இடங்கள் 2017-இல் 53 ஆகிவிட்டன என்கிறது யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வு. க்ளப்பைவிட எனக்கு அந்தக் கஃபேதான் பெரிய இழப்பு. பகலில் போக இடம் வேண்டுமென்றால் மார்ச்மான்ட் தெருவில் ‘கேய்ஸ் தி வேர்ட்’ புத்தகக்கடை, 1979-இலிருந்து இருக்கிறது. ஆட ஆசை வந்தால் க்ளப் காளி. 1995-இல் தெற்காசியர்களே தொடங்கியது. பாங்ராவும் இந்திப் பாட்டும்தான், இளையராஜாவை எதிர்பார்த்துப் போகாதே.

வெள்ளி, சனி இரவு முழுக்க லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து டூட்டிங்குக்கு நார்தர்ன் லைன் ரயில் ஓடும். வாசலில் நின்று “டாக்ஸி வேண்டுமா” என்று கூப்பிடுகிறவன் காரில் மட்டும் ஏறாதே. எத்தனை மணியானாலும் எனக்கு போன் பண்ணு.

மாமா