மலை வீட்டில் ஏழு நாள்

கேமரன் மலையில் நண்பரொருவருக்கு விடுமுறை வீடு உண்டு. ஆளின்றிப் பூட்டிக் கிடந்தால் ஈரமேறிப் பூஞ்சணம் பற்றிவிடும். ஒரு வாரம் தங்கிக் காற்றாடத் திறந்துவைத்து, சன்னல் சட்டங்களுக்கு வார்னீஷ் பூசித் தருமாறு கேட்டார். கோலாலம்பூரிலிருந்து தனியே சென்றோம்.

போய்ச் சேர்ந்ததும், பிரயாணிதானே என்று லுஹரை அவ்வீட்டில் 2 ரக்அத்தாகச் சுருக்கித் தொழுதுவிட்டோம். இரவில்தான் மதரஸாவில் ஓதிய மஸ்அலா நினைவுக்கு வந்தது. ஷாஃபிஈ மத்ஹபில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக முழுமையாய் 4 நாள் ஓரிடத்தில் தங்க நிய்யத்து வைத்தவர், அவ்விடம் சேர்ந்ததுமே முகீம் ஆகிவிடுகிறார். கஸ்ரு வழியோடு சரி! எழுந்து அந்த லுஹரை 4 ரக்அத்தாகக் களாச் செய்தோம். ஹனஃபி அன்பர்கள் மயங்க வேண்டாம். அவர்களுக்கு 15 நாள் கணக்கு. ஒரு வாரமெனில் சுருக்கியே தொழ வேண்டும்.

தண்ணீரோ பனிபோலக் குளிர்ந்தது. ஆயினும் காய்ச்ச அடுப்பிருக்கையில் தயம்மும் கூடாது. தனித்துத் தொழுபவருக்கும் பாங்கும் இகாமத்தும் சுன்னத்து. மலையுச்சியில் பாங்கு சொல்லித் தொழும் இடையனை அல்லாஹ் உவப்பதாக அபூதாவூதில் ஹதீஸ் உண்டு. ஆளற்ற வீட்டில் குரலெழுப்ப முதல் வக்தில் நமக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை வார்னீஷ் காயவில்லை. விட்டுப் போக மனமுமில்லை. ஆனால் ஜும்ஆவின் 40 பேரில் எண்ணப்படாவிட்டாலும், இப்படித் தங்கும் முகீமுக்கும் ஜும்ஆ கடமை. சன்னல்களைச் சாத்திவிட்டுத் தானா ராத்தா பள்ளிக்குப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் சட்டங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பிய்த்துத் தேய்த்து மறுபடி பூசினோம்.