சுத்தமான கரண்டும் பட்டா இல்லாதவர் பாடும்

கேள்வி: எங்கள் ஊர்க் காட்டில் சோலார் போட வேலி அடைத்துவிட்டார்கள். அங்கேதான் ஆடு மேய்த்தோம், சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டோம். நிலம் விற்றவர்களுக்குப் பணம் வந்தது; எங்களுக்கு ஒன்றுமில்லை. கேட்டால், 'நிலக்கரிப் புகையால் ஊரே அழியுது, இது சுத்தமான கரண்ட்' என்கிறார்கள். இது நியாயமா, ஐயா?
- ஒரு வாசகர், முதுகுளத்தூர்

பதில்: கரண்ட் சுத்தம் என்பது உண்மை. அதைச் சொல்லி உங்கள் கேள்வியை மூடப் பார்ப்பது நியாயமில்லை.

அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட் எடுக்கச் சுமார் ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து மீன்பாடு குறைந்தது. நெய்வேலிச் சுரங்கத்தில் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்தால்தான் பழுப்பு நிலக்கரி கிடைக்கும். 2023 ஜூலையில் வளையமாதேவியில், அந்தச் சுரங்கத்துக்காக வாய்க்கால் வெட்டும்போது, வயலில் நின்ற பயிர்மேலேயே இயந்திரம் ஓடியது. நிலக்கரியை எரிக்கும்வரை இந்தத் தீங்கு தொடரும். எவ்வளவு கவனமாக எரித்தாலும் முழுதாகப் போகாது.

சோலாரின் தீங்கு பெரும்பாலும் இடம் பிடிப்பதில் இருக்கிறது. ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும். 2016இல் கமுதியில் வந்த 648 மெகாவாட் நிலையத்துக்குச் சுமார் 2,500 ஏக்கர் ஆனது. எந்த நிலம், யாரைக் கேட்டு, யாருக்கு என்ன ஈடு என்பதெல்லாம் மனிதர்கள் எடுக்கும் முடிவு. தவிர்க்க முடிந்த தீங்கைத் தவிர்க்காமல் விட்டால் அதற்குச் சூரியன் பொறுப்பில்லை.

பட்டா இல்லாதவருக்கும் சட்டத்தில் இடமுண்டு. அரசு நிலம் கையகப்படுத்தினால், மூன்று ஆண்டுகளாக அதை நம்பிப் பிழைத்த கூலியாட்களையும் குத்தகைதாரர்களையும் பாதிக்கப்பட்டவர்களாக 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் கணக்கில் எடுக்கிறது. கம்பெனி நேரடியாகக் கிரயம் பண்ணும்போது பெரும்பாலும் இந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. உங்கள் ஊரில் நடந்தது எது என்று முதலில் விசாரியுங்கள்.

எதுவானாலும் கிராம சபையில் பேசலாம். சோலார் தகடுகளுக்கு அடியில் முளைக்கும் புல்லைச் செம்மறி மேயலாம்; அதற்கு அனுமதி கேளுங்கள். வெள்ளாடு தகட்டில் ஏறும், ஒயரைக் கடிக்கும் என்பதால் அதற்குத் தனி மேய்ச்சல் நிலம் கேளுங்கள். தகடு கழுவும் வேலையும் காவல் வேலையும் கரிமூட்டம் இழந்த குடும்பங்களுக்கு முதலில் வேண்டும் என்று கேளுங்கள். கழுவும் தண்ணீர் ஊர்க் கிணற்றிலிருந்து போகக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'சோலார் வேண்டாம்' என்று தீர்மானம் போட்டால் எண்ணூர்க்காரர்தான் இன்னும் சாம்பல் தின்பார். 'எங்களுக்கும் பங்கு வேண்டும்' என்று போடுங்கள்.