கணிப்பொறியின் வாயிற்காவலன்

வீட்டிற்குப் பூட்டு இருப்பதுபோல் கணிப்பொறிக்கும் பூட்டு உண்டு. கடவுச்சொல்லே அதன் சாவி. நாம் திரையைப் பார்த்து, எழுத்துகளைத் தட்டி உள்ளே சென்றுவிடுகிறோம். பார்வையற்றோர் எவ்வாறு செல்கின்றனர் என்று எண்ணிப் பார்த்ததுண்டா, தோழியரே?

அவர்களுக்குத் துணை, திரைவாசிப்பான் என்னும் மென்பொருள். திரையில் உள்ளதை அது குரலாக்கிச் சொல்லும். விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1989-இல் 'ஜாஸ்' என்பதை வெளியிட்டார். அது விலை மிகுந்தது. 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் எழுதத் தொடங்கிய 'என்.வி.டி.ஏ.' இலவசமாகவே கிடைக்கிறது.

கடவுச்சொல்லைத் தட்டும்போது திரைவாசிப்பான் எழுத்தைச் சொல்லாது; 'ஸ்டார், ஸ்டார்' என்றே சொல்லும். அருகில் இருப்பவர் காதில் இரகசியம் விழக்கூடாதல்லவா! நமக்கும் புள்ளிகள்தாமே தெரிகின்றன. ஆகவே இதில் குறையில்லை. தொல்லை அடுத்த படியில்தான்.

தானியங்கி நிரல்கள் போலிக் கணக்குகளைத் தொடங்குவதைத் தடுக்க, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மனுவேல் பிளம், லூயிஸ் ஃபான் ஆன் முதலியோர் 2000-ஆம் ஆண்டையொட்டி 'காப்ச்சா' என்ற சோதனையை வகுத்தனர். கோணல்மாணலான எழுத்துகளைப் படமாகக் காட்டி, படித்து எழுதச் சொல்வது அது. மனிதர் படிப்பார், இயந்திரம் படிக்காது என்பது கருத்து. ஆனால் திரைவாசிப்பானும் இயந்திரந்தானே! படத்தின் கீழே விடையை எழுதி வைத்தால் திருட்டு நிரலும் படித்துவிடும். எழுதாவிட்டால் பார்வையற்றவர் வாசலிலேயே நிற்க வேண்டும். மனிதர்தாமா என்று கேட்கும் காவலன், மனிதரையே விரட்டுகிறான்.

இதற்கு மாற்றாக ஒலிச் சோதனை வந்தது. இரைச்சலுக்கு நடுவே எண்களைச் சொல்வார்கள். அதே வேளையில் திரைவாசிப்பானும் பேசினால் எதைக் கேட்பது? பார்வையோடு செவித்திறனும் இல்லாமல், பிரெயில் கருவியை விரலால் தடவிப் படிப்பவருக்கோ இதனால் ஒரு பயனும் இல்லை.

2023 அக்டோபரில் வெளியான உலகளாவிய வலை நெறிமுறைகளின் 2.2 பதிப்பு, உள்நுழைவுக்கு நினைவாற்றலையோ புதிரையோ மட்டும் நம்பக்கூடாது, வேறு வழியும் தரவேண்டும் என்கிறது. விரல்ரேகையால் திறக்கும் முறை நமக்கு நல்லதாகத் தோன்றுகிறது.

நம் நாட்டிலோ வங்கிக் கணக்குத் தொடங்க, 'கண்ணைச் சிமிட்டுங்கள்' என்று கேமரா கேட்டது. அமில வீச்சில் கண் சிதைந்தவரும் பார்வையற்றவரும் என்ன செய்வார்கள்? அவர்கள் உச்சநீதிமன்றம் சென்றனர். 2025 ஏப்ரல் 30 அன்று, இணையவழிச் சேவைகளைப் பெறுவதும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையைச் சேர்ந்ததே என்று தீர்ப்பளித்த நீதிமன்றம், கண் சிமிட்டலுக்கு மாற்று வழி வேண்டும் என்றும் ஆணையிட்டது.