தலையில் துணி, தரையில் இடம்: குருத்வாராவுக்குப் போகிறவர்களுக்கு

அமிர்தசரஸுக்குச் சுற்றுலா போகிற நம்மூர்க்காரர்கள் காலையில் பொற்கோயில், பக்கத்திலேயே ஜாலியன்வாலா பாக், சாயங்காலம் வாகா எல்லை என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்கள். சீக்கியரின் குருத்வாராவான பொற்கோயிலையும் இன்னொரு கோயிலாக நினைத்துக்கொண்டு உள்ளே நுழைவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. மூலவர் யார், அர்ச்சனைச் சீட்டு எங்கே, எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறார்கள். கேள்வியில் தப்பில்லை. ஆனால் அவர்கள் தேடும் எதுவும் அங்கே கிடையாது.

அங்கே இருப்பது சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாகிப். 1708இல் நாந்தேடில் பத்தாவது குருவான குரு கோவிந்த் சிங், தமக்குப் பின் மனித குரு இல்லை, கிரந்தமே குரு என்று அறிவித்தார். அன்றிலிருந்து அது குருவாகவே நடத்தப்படுகிறது. விடியலில் பிரித்து அமர்த்துவார்கள், இரவில் ஓய்வறைக்குக் கொண்டுபோவார்கள். மேலே விதானம், மூட ருமாலா என்கிற பட்டுத்துணி, அருகில் சாமரம் வீசுகிறவர். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லியிருப்பதில் முக்கால்வாசியை யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வாசலில் செய்ய வேண்டியவை

- தலையை மூடுங்கள். ஆண், பெண், குழந்தை எல்லோருக்கும் இது பொது. புடவை கட்டியவர்களுக்கு முந்தானை போதும். ஆனால் பட்டும் ஷிஃபானும் குனியும்போதெல்லாம் நழுவும், ஒரு ஊக்கு குத்திக்கொள்வது நல்லது. ஆண்களுக்குப் பெரிய கைக்குட்டை போதும். கொண்டுவராதவர்களுக்கு வாசலிலேயே கூடையில் துணி வைத்திருப்பார்கள். கிரிக்கெட் தொப்பியைப் போட்டுக்கொண்டு தலை மூடிவிட்டது என்று வாதாட வேண்டாம்.

- செருப்போடு சாக்ஸையும் கழற்றுங்கள். காலணி அறையில் டோக்கன் தருவார்கள். உங்கள் செருப்பை வாங்கி அடுக்கி, சில நேரம் துடைத்தும் வைக்கிறவர் கூலிக்கு வேலை செய்பவர் அல்ல. ஊரில் கடை வைத்திருப்பவராகவோ டாக்டராகவோ இருக்கலாம். அவருக்கு டிப்ஸ் நீட்டாதீர்கள். உள்ளே போகும் வழியில் தண்ணீர் ஓடும் சிறு பள்ளம் இருக்கும், கால் நனைத்துவிட்டுப் போங்கள்.

- மாதவிடாய் நாட்களில் போகலாமா என்று நம் பெண்கள் தணிந்த குரலில் கேட்பார்கள். போகலாம். தடையே கிடையாது. இந்தத் தீட்டு எண்ணத்தைக் குரு நானக்கே தம் பாடல்களில் மறுத்திருக்கிறார்.

வாசலோடு விட்டுவிட வேண்டியவை

- சிகரெட், பீடி, பான் மசாலா. பிடிக்காமல் இருந்தால் மட்டும் போதாது, சட்டைப்பையிலும் இருக்கக்கூடாது. அமிர்தம் ஏற்ற, அதாவது முறைப்படி தீட்சை பெற்ற சீக்கியருக்குப் புகையிலை நான்கு பெரும் விலக்குகளில் ஒன்று. முடி வெட்டுவது, திருமண உறவுக்கு வெளியே போவது, சடங்கு முறையில் அறுத்த இறைச்சி ஆகியவை மற்ற மூன்று. குடித்துவிட்டு வருவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

- தேங்காய், கற்பூரம், ஊதுபத்தி. 1945இல் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி ஏற்றுக்கொண்ட சீக்கிய ரெஹத் மரியாதா என்கிற நடத்தை நூல், கிரந்தத்தின் முன் தீபம் சுற்றுவதையும் மணி அடிப்பதையும் ஏற்பதில்லை. நாந்தேடில் தீப ஆரத்தியைப் பார்த்தோமே என்று சிலர் சொல்வார்கள். பார்த்திருப்பீர்கள், அந்த ஊரின் மரபு தனி. கையில் ஏதாவது கொண்டுபோயே ஆக வேண்டும் என்று தோன்றினால் கோதுமை மாவு, பருப்பு, நெய், பால் வாங்கிப் போங்கள். சமையலறைக்குப் பயன்படும்.

சபைக்குள்

கிரந்தத்தின் முன்னால் போய் மண்டியிட்டு நெற்றி தரையில் பட வணங்குவது வழக்கம். சீக்கியர் அல்லாதவர் கைகூப்பி நின்றாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். உண்டியலில் பணம் போடுவது உங்கள் விருப்பம். வணங்கிவிட்டு அங்கேயே நிற்காதீர்கள், பின்னால் வரிசை நிற்கிறது. ஓரமாகப் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்காருங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்குப் பல இடங்களில் பின்புறம் ஏற்பாடு இருக்கும். கிரந்தத்தை நோக்கிக் கால் நீட்டக்கூடாது. நம்மூர்க்காரர்கள் அடிக்கடி அறியாமல் செய்வது இதைத்தான். நடந்த களைப்பில் கால் தானாக நீண்டுவிடும், பக்கத்தில் இருப்பவர் மெல்லத் தொட்டுச் சொல்வார்.

பாடுகிறவர்கள் ராகிகள். கேட்பது பக்திக் கச்சேரி என்று நினைத்துக் கை தட்டிவிடாதீர்கள். பெரும்பாலான பாட்டு கிரந்தத்திலிருந்தே வருகிறது. கிரந்தமே ராகங்களின்படிதான் அடுக்கப்பட்டிருக்கிறது. அதில் சீக்கிய குருக்களோடு கபீர், நாமதேவர், ரவிதாஸ், சூஃபியான ஷேக் ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் உண்டு. ‘இது ஒரு சாதி, ஒரு மதத்தின் புத்தகமா?’ என்று கேட்பவர்களுக்கு இந்தப் பெயர்ப்பட்டியலே போதும்.

ஒரு கட்டத்தில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அதுதான் அர்தாஸ், பொதுப் பிரார்த்தனை. நீங்களும் எழுந்து கைகூப்பி நில்லுங்கள். போனை எடுக்கவோ நடுவில் நடந்து வெளியேறவோ இது நேரமல்ல. இடையிடையே கூட்டம் ‘வாஹேகுரு’ என்று சொல்லும். சேர்ந்து சொல்லலாம், சும்மாவும் நிற்கலாம்.

அர்தாஸ் முடிந்து எல்லோரும் உட்கார்ந்ததும் நடப்பதைத் தவறவிடாதீர்கள். கிரந்தத்தை ஏதோ ஓரிடத்தில் பிரிப்பார்கள். இடப்பக்கத்தின் மேலே இருக்கும் பாடல்தான் அன்றைய கட்டளை, ஹுக்கம்நாமா. அந்தப் பாடல் முந்தைய பக்கத்திலேயே தொடங்கியிருந்தால் வாசிப்பவர் தாளைப் பின்னால் திருப்பி முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பார். அரைகுறையாக வாசிப்பது கிடையாது. ஹர்மந்திர் சாகிப் என்கிற பொற்கோயிலில் விடியலில் வரும் ஹுக்கம்நாமாவை உலகெங்கும் உள்ள சீக்கியர்கள் காலை எழுந்ததும் படிக்கிறார்கள். இதை ராசிபலன் போல, ‘எனக்கு என்ன வந்தது?’ என்று கேட்காதீர்கள். முகூர்த்தம், ஜாதகம், சகுனம் பார்ப்பதை ரெஹத் மரியாதா வெளிப்படையாகவே விலக்குகிறது. சீக்கிய நண்பர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, ‘அன்றைக்கு அஷ்டமி ஆயிற்றே’ என்று எச்சரிப்பதையும் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பிரசாதம்

- இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்து வாங்குங்கள். ஒற்றைக் கையை நீட்டக்கூடாது. மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம எடையில் சேர்த்துச் செய்வது கடாஹ் பிரசாத். நம் திருநெல்வேலி அல்வாவின் வழுவழுப்பு இதில் இருக்காது, சூடாகக் கரகரவென்று நாக்கில் கரையும், கை முழுக்க நெய் மினுங்கும். அந்த நெய்யை விரிப்பில் துடைக்காதீர்கள். கைகளைத் தேய்த்துக்கொள்வார்கள், அல்லது வெளியே வந்து கழுவுவார்கள்.

- வேண்டாம் என்று தலையாட்டாதீர்கள். சர்க்கரை நோய் இருந்தால் ‘தோடா’ என்று சொல்லுங்கள், நெல்லிக்காய் அளவு வைப்பார்கள். வாங்கிவிட்டு மூலையில் வைத்துவிட்டுப் போவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

லங்கர்

சாப்பாட்டுக்கூடத்தை ‘அன்னதானம்’ என்று நம்மவர்கள் சட்டென்று பெயர் வைத்துவிடுவார்கள். அன்னதானத்தில் கொடுப்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் ஒரு பக்கம். இங்கே சாப்பிட்டு எழுந்தவர் அடுத்த பந்திக்குப் பரிமாறுவார். தரையில் எல்லோரும் ஒரே வரிசை. அக்பர் பாதுஷாவே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் கோயிந்த்வாலில் மூன்றாவது குருவான குரு அமர்தாஸைச் சந்தித்தார் என்று சீக்கியர்கள் சொல்வார்கள். எனவே ‘எங்களுக்குத் தனியாக இடம் கிடைக்குமா?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

- ரொட்டிக்குக் கை நீட்டும் முறை தெரிந்துகொள்ளுங்கள். பரிமாறுகிறவர் கூடையோடு வேகமாக வருவார். நீங்கள் இரு உள்ளங்கைகளையும் மேல்நோக்கிச் சேர்த்து வைத்தால் ரொட்டி அதில் வந்து விழும். தட்டை நீட்டினால் நின்று உங்களைப் பார்ப்பார். கூடையிலிருந்து நீங்களே எடுக்கக்கூடாது.

- கேட்டு வாங்குங்கள், மிச்சம் வைக்காதீர்கள். பருப்பு, ஒரு காய், ரொட்டி, பெரும்பாலும் பாயசம் போன்ற கீர். எவ்வளவு வேண்டுமானாலும் போடுவார்கள். தட்டில் பாதியை விட்டு எழுவதுதான் அங்கே அவமரியாதை.

- லங்கரில் அசைவம் கிடையாது. அதை வைத்துச் சீக்கியர் எல்லோரும் சைவம் என்று முடிவு கட்ட வேண்டாம். வெளியே இறைச்சி சாப்பிடுகிறவர்கள் உண்டு, தொடாத பிரிவினரும் உண்டு. அவர்களுக்குள்ளேயே பழைய விவாதம் இது, நாம் தீர்ப்பு சொல்லத் தேவையில்லை.

- சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நேரே வெளியேறிவிடாதீர்கள். அமிர்தசரஸில் பாத்திரம் கழுவுமிடத்தின் சத்தம் தூரத்திலிருந்தே கேட்கும். எஃகுத் தட்டுகள் மோதும் சத்தம் இரவு பகலாக ஓய்வதில்லை. அங்கே போய் நின்றால் யாராவது நகர்ந்து இடம் விடுவார்கள். விண்ணப்பம் கிடையாது, பெயர் கேட்பதும் கிடையாது. பூண்டு உரிக்கலாம், வெங்காயம் நறுக்கலாம், ரொட்டி திரட்டலாம். உங்கள் ரொட்டி வட்டமாக வராது, பரவாயில்லை. அமிர்தசரஸில் பார்க்க ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், வாகா எல்லையை விட்டுவிட்டு இதற்குப் போகச் சொல்வேன்.

பஞ்சாப் வரை போக முடியாதவர்களுக்கு, சென்னை தி. நகர் ஜி.என். செட்டி சாலையில் குருத்வாரா இருக்கிறது. இந்த விதிகளெல்லாம் அங்கேயும் பொருந்தும்.

குளக்கரையில் கூடாதவை

பொற்கோயிலின் குளமான சரோவரின் படியில் உட்கார்ந்து தண்ணீரில் கால் தொங்கப்போடாதீர்கள். முங்கிக் குளிக்கலாம், பெண்களுக்கு மறைவிடம் உண்டு. சோப்பு, நீச்சல், எச்சில் எதுவும் கூடாது. சுற்றுப்பிராகாரத்தில் படம் எடுப்பதைப் பொதுவாகக் கண்டுகொள்ள மாட்டார்கள், தங்கத் தகடு போர்த்திய நடுச் சன்னிதிக்குள் எடுக்கக்கூடாது. சினிமாப் பாட்டுக்கு ஆடி ரீல்ஸ் எடுப்பவர்களை ஈட்டி பிடித்த சேவாதார் என்கிற தொண்டர் வந்து நிறுத்துவார். அவர் சொன்னதும் நிறுத்திவிடுங்கள், வாதாடாதீர்கள். அவரைக் கூப்பிட ‘வீர்ஜி’ போதும். அண்ணன், தம்பி இருவருக்கும் அதுவே.

இரவில் கிரந்தத்தைப் பல்லக்கில் எதிரே இருக்கும் அகால் தக்துக்கு எடுத்துப் போகும்போது நின்று பாருங்கள். நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள். பல்லக்குக்குத் தோள் கொடுக்கக் கூட்டம் முண்டியடிக்கும்.

சீக்கிய நண்பர் வீட்டில்

விடியலுக்கு முன் எழுந்து குளித்து ஜப்ஜி முதலிய பாடல்கள், பொழுது சாயும்போது ரெஹ்ராஸ், படுக்கும் முன் சோஹிலா: அமிர்தம் ஏற்றவரின் அன்றாடம் இப்படித்தான் ஓடும். நித்நேம் என்பார்கள். பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது காபி வேண்டுமா என்று கூப்பிடாதீர்கள். மேசையில் துணி சுற்றிய சிறு பிரார்த்தனைப் புத்தகம் இருந்தால் அதன் மேல் சாவியும் டம்ளரும் வைக்காதீர்கள். ஏகாதசி விரதம் உண்டா என்றால், இல்லை. பூசாரி உண்டா என்றாலும் இல்லை. கிரந்தத்தை முறையாக வாசிக்கத் தெரிந்த ஆணோ பெண்ணோ யாரும் வாசிக்கலாம்.

தலைப்பாகையைத் தொடாதீர்கள். ‘கழற்றிக் காட்டேன், முடி எவ்வளவு நீளம்?’ என்று கேட்காதீர்கள். குழந்தையின் உச்சிக் கொண்டையைச் செல்லமாகப் பிடித்து ஆட்டுவதும் இதில் சேர்த்தி. கிர்பான் என்கிற குறுவாளை உருவிக் காட்டச் சொல்லக்கூடாது. அது ஐந்து சின்னங்களில் ஒன்று, அதை அணியும் உரிமை அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவின் விளக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. முடி வெட்டிக்கொண்ட சீக்கியரைப் பார்த்து ‘நீங்கள் அசல் சீக்கியர் இல்லையா?’ என்று விசாரிப்பதும் வேண்டாம், அது அவருக்கும் அவர் வீட்டுக்கும் உள்ள விஷயம். சிங் என்று பெயர் இருப்பவரெல்லாம் சீக்கியர் அல்ல என்பதையும் ராஜஸ்தானிலோ பீகாரிலோ ஒரு வாரம் இருந்தால் தெரிந்துகொள்வீர்கள்.

அப்புறம் சர்தார்ஜி ஜோக். நம் வார இதழ்கள் பக்கம் நிரப்ப எத்தனையோ வருடம் இதைப் போட்டிருக்கின்றன, இப்போது வாட்ஸப்பில் சுற்றுகிறது. பன்னிரண்டு மணியானால் சர்தார்ஜிக்கு மூளை குழம்பும் என்கிற ஜோக்கைச் சொன்னால் அவர் சிரிக்கவும் கூடும். பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகிய சிரிப்பு அது.

கையில் கடா என்கிற இரும்புக் காப்பைப் போட்டுக்கொள்ளலாமா என்று இளைஞர்கள் கேட்பார்கள். கடைத்தெருவில் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. போட்ட கையில் சிகரெட் பிடிப்பவர் மட்டும் அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.